சென்னை வாடிக்கையாளர்களைச் சேர்க்க வாரம் ஒரு பதிவு: நேரடி விற்பனை செய்யும் விவசாயிகளுக்கான இணையதள வழிகாட்டி

பாரம்பரிய அரிசி, மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, சிறுதானியம் என்று மதிப்புக்கூட்டி விற்கும் விவசாயிகள் பலர் இப்போது சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ செலவு செய்து தளத்தை உருவாக்குகிறார்கள். முதல் மாதம் நான்கு படங்கள், 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம், ஒரு விலைப்பட்டியல் ஏறும். அதோடு சரி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே படம், அதே பழைய விலை, என்றோ போட்ட பொங்கல் வாழ்த்து அப்படியே இருக்கும். தளத்தைப் பார்த்து யாரும் அழைப்பதில்லை. 'இணையதளம் எல்லாம் நமக்கு ஒத்துவராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாத வயல் மாதிரிதான் இதுவும். தளத்தில் தொடர்ந்து ஏதாவது எழுதினால்தான் வாடிக்கையாளர் வருவார். அப்படியானால் எதை எழுதுவது, எப்போது எழுதுவது, எதை எழுதவே கூடாது? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு போன்ற தென் சென்னை, மத்திய சென்னைப் பகுதி வீடுகளுக்கு விற்க நினைக்கும் சிறு விவசாயிகளையும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் மனதில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்பட்டுள்ளது. மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் இதே முறை பொருந்தும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இணையதளம் எதற்கு?

வாட்ஸ்அப் குழு அவசியம் வேண்டும். ஆனால், ஏற்கெனவே உங்கள் எண் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் பதிவு இரண்டு மூன்று நாட்களில் கீழே போய்விடும். புதிதாக ஒருவர் உங்களைத் தேடி வர வேண்டுமென்றால், அவர் கூகுளில் தேடும்போது உங்கள் பெயர் கண்ணில் பட வேண்டும்.

மந்தைவெளியில் ஒரு வீட்டில் முதன்முறையாகக் கறுப்புக் கவுனி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குக்கரில் ஆறு விசில் விட்டும் வேகவில்லை. உடனே அலைபேசியை எடுத்து 'கறுப்புக் கவுனி அரிசி வேகவில்லை' என்று தேடுவார்கள். 'முதல் நாள் இரவே ஊற வையுங்கள், ஊறிய தண்ணீரிலேயே வேக விடுங்கள்' என்று தெளிவாகச் சொல்லும் பக்கம் உங்களுடையதாக இருந்தால், அடுத்த முறை அரிசி உங்களிடம் வாங்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை எழுதிய அந்தப் பதிவு நான்கு ஐந்து வருடங்களுக்குத் தேடலில் வந்துகொண்டே இருக்கும். வாட்ஸ்அப் செய்திக்கு அந்த ஆயுள் கிடையாது.

இது புதிய வழி அல்ல

பயனுள்ள தகவலைத் தொடர்ந்து கொடுத்து நம்பிக்கையைச் சம்பாதிப்பது நம் விவசாயத்துக்குப் பழகிய முறைதான். 1960-களின் நடுப்பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர் வட்டாரத்தில் வேகமாகப் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அந்த ரகத்தைப் பற்றித் தொடர்ந்து சொல்லி வந்ததால், விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொடர்ந்து வந்ததும், பருவத்துக்கு ஏற்ற செய்தியாக இருந்ததும்தான் அந்த நிகழ்ச்சிகளின் பலம்.

அமெரிக்காவில் டிராக்டர் நிறுவனமான ஜான் டீர், 1895-இல் இருந்து 'தி ஃபரோ' என்ற விவசாய இதழை நடத்தி வருகிறது. கருவி வாங்கச் சொல்வதைவிட, விவசாயத்தை நன்றாகச் செய்வது எப்படி என்பதற்கே அந்த இதழ் அதிக இடம் கொடுத்தது. சென்னையிலேயே மயிலாப்பூர் டைம்ஸ் என்ற இலவச வார இதழ் 1994-இல் இருந்து வருகிறது. மாடவீதிச் செய்தி, குடிநீர்ப் பிரச்னை, சபா நிகழ்ச்சி என்று அந்தப் பகுதிக்காரருக்கு வேண்டியதை வாராவாரம் கொடுப்பதால்தான் அந்தப் பகுதிக் கடைக்காரர்கள் அதில் விளம்பரம் செய்கிறார்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. படிப்பவருக்குப் பயன்படும் செய்தி முதலில் வருகிறது. விற்பனை அதன் பின்னால் வருகிறது. வெளியாகும் நாளும் தவறுவதில்லை.

உங்களிடம் இருப்பது, கடையிடம் இல்லாதது

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் இயற்கை அங்காடிகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய அங்காடிகளிலும், பத்து நிமிடத்தில் பொருள் கொடுக்கும் செயலிகளிலும் 'ஆர்கானிக்' என்ற பெயரில் எல்லாமே கிடைக்கிறது. விலையிலோ வேகத்திலோ அவர்களோடு போட்டி போட ஒரு சிறு விவசாயியால் முடியாது.

ஆனால், அந்த அரிசி எந்த ஊரில் விளைந்தது, எந்தத் தேதியில் அறுத்தது, எத்தனை நாள் காய்ந்தது, என்றைக்கு அரைத்தது என்று கேட்டால் அங்கே பதில் கிடைப்பது கடினம். உங்களுக்கோ இது மனப்பாடம். நீங்கள் எழுத வேண்டியதும் இதைத்தான். அடையாறில் தொடங்கிய ஓ.எஃப்.எம். போன்ற உழவர் அங்காடிகளுக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம், விளைவித்தவர் வரை போய் விசாரிக்க முடியும் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையை உங்கள் தளமும் கொடுக்க முடியும்.

எழுத வேண்டிய ஐந்து வகைப் பதிவுகள்

1. வயல் குறிப்பு. இந்த வாரம் வயலில் என்ன நடந்தது என்று பத்து வரி. 'மாப்பிள்ளைச் சம்பா நாற்று விட்டோம். இது சுமார் 160 நாள் பயிர். ஆவணியில் விட்டால் தையில்தான் அறுவடை. அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே புது அரிசி கொடுக்க முடிகிறது' என்று எழுதினால், விலை ஏன் கூடுதல், ஏன் எப்போதும் இருப்பு இல்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். விதை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். நெல் ஜெயராமன் தொடங்கிய ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, மறுவருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். அப்படி வந்த விதை என்றால், வாங்குபவர் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்.

2. பயன்பாட்டுக் கேள்விக்குப் பதில். வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவுதான். அரிசியில் வண்டு வந்துவிட்டதே, என்ன செய்வது? புது அரிசி ஏன் குழைகிறது? நல்லெண்ணெய் ஏன் அடியில் கசண்டாகப் படிகிறது? நாட்டுச் சர்க்கரை ஏன் கட்டி தட்டுகிறது? சாமைக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? தேடலில் அதிகம் பேரைக் கொண்டுவருவது இந்த வகைப் பதிவுதான். இதைத்தான் அதிகமாக எழுத வேண்டும்.

3. விலைக் கணக்கு. பலர் விலையைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். ஆனால், கணக்கைத் திறந்து காட்டுவதைப்போல் நம்பிக்கை தருவது வேறு எதுவும் இல்லை. எடுத்துக்காட்டாக, செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு தேவை. பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 325 ரூபாய். ஆட்டும் கூலி 40, பாட்டில் 15, சென்னைக்கு அனுப்ப 25. மொத்தம் 405 ரூபாய். இதில் ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு விற்று வரும் 75 ரூபாயைக் கழித்தால் அடக்கவிலை 330 ரூபாய். இதற்கு மேல் உங்கள் உழைப்புக்கும் லாபத்துக்கும் எவ்வளவு என்று எழுதுங்கள். இங்குள்ள விலைகள் கணக்கு காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்தவர், மிகக் குறைந்த விலைக்குச் 'செக்கு எண்ணெய்' விற்பவரிடம் போவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

4. இருப்பு அறிவிப்பு. எது இருக்கிறது, எது தீர்ந்தது, அடுத்தது எப்போது வரும், எந்தப் பகுதிக்கு எந்தக் கிழமை வண்டி வரும். மூன்று நான்கு வரி போதும்.

5. குறையைச் சொல்லும் பதிவு. 'அறுவடை நேரத்தில் மழை பெய்ததால் இந்த முறை தூயமல்லியில் குருணை அதிகம். அதனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்திருக்கிறோம். சாதத்தைவிட இட்லி, உப்புமாவுக்கு நன்றாக இருக்கும்.' இப்படி எழுதினால் விற்பனை பாதிக்கும் என்று பயப்பட வேண்டாம். குறையை நாமே முதலில் சொன்னால், அடுத்த முறை 'இந்த வருடம் அரிசி அருமை' என்று எழுதும்போது நம்புவார்கள். சொல்லாமல் அனுப்பினால், அந்த மூட்டையோடு அந்த வீடு கைவிட்டுப் போகும்.

எந்த மாதத்தில் எதை எழுதுவது?

சென்னை வீடுகளின் மளிகைத் தேவை பண்டிகையையும் பருவத்தையும் ஒட்டி மாறும். தேவை வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே பதிவு தளத்தில் இருக்க வேண்டும். புதிய பக்கத்தைக் கூகுள் கண்டுபிடித்துத் தேடலில் காட்டச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பொங்கல் பச்சரிசி பற்றி எழுதிப் பயனில்லை.

தை: பொங்கல் பச்சரிசி, வெல்லம், மஞ்சள், மொச்சை. சம்பா அறுவடை நேரம் என்பதால் புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள வித்தியாசம்.

மாசி, பங்குனி: புதுப் புளி, மிளகாய் வற்றல், துவரை. வருடத்துக்கு வேண்டிய சாமான் வாங்கும் வீடுகள் இன்னும் உண்டு. வடகம், வற்றல் போட ஏற்ற அரிசி. மாவடு வரும் காலமும் இதுதான். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா, அறுபத்துமூவர் நாளில் மாடவீதிகளில் நீர்மோரும் பானகமும் கொடுப்பவர்கள் அதிகம். பானகத்துக்கு வெல்லம் மொத்தமாகத் தேவைப்படும்.

சித்திரை, வைகாசி: வேப்பம்பூ, மாங்காய் ஊறுகாய்க்கு நல்லெண்ணெய், மாம்பழம். இயற்கையாகப் பழுத்த பழத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதினால் பலர் படிப்பார்கள்.

ஆனி, ஆடி: ஆடிக்கூழுக்குக் கேழ்வரகு, கம்பு. மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு ஆடிப்பட்ட நாட்டு விதைகள்.

ஆவணி, புரட்டாசி: பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்குப் பச்சரிசி மாவு, எள். நவராத்திரிச் சுண்டலுக்குத் தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை. வடக்கு மாடவீதியில் கொலு பொம்மைக் கடைகள் முளைக்கும்போது சுண்டல் பற்றிய பதிவு உங்கள் தளத்தில் தயாராக இருக்க வேண்டும். ஒன்பது நாளுக்கு ஒன்பது பயறு கொண்ட ஒரு தொகுப்பாகவே விற்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை: தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய், மாவு, வெல்லம். கார்த்திகைப் பொரிக்கு அவல் பொரி, நெல் பொரி. மழைக்கால வண்டு, ஈரம் பற்றிய கேள்விகள் இந்த மாதங்களில்தான் அதிகம் வரும். பார்சல் தாமதமானால் முன்கூட்டியே அறிவியுங்கள்.

மார்கழி: வெண்பொங்கலுக்கு ஏற்ற அரிசி, பாசிப்பருப்பு, மிளகு. வெளிநாட்டில் இருந்தும் வெளியூரில் இருந்தும் சபா கச்சேரிகளுக்கு வருபவர்கள் ஊருக்கு எடுத்துப் போகத் தோதான சிறு பொட்டலங்கள்.

பதிவு எழுதும் முறை

தலைப்பு வாடிக்கையாளரின் வாயில் வரும் வார்த்தையில் இருக்க வேண்டும். 'பாரம்பரிய அரிசியின் மகத்துவம்' என்று யாரும் தேடுவதில்லை. 'மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் இட்லி சுடலாமா?' என்று தேடுவார்கள்.

முதல் இரண்டு வரியில் பதிலைச் சொல்லிவிடுங்கள். விளக்கம் பிறகு வரட்டும். அவசரத்தில் தேடுபவர் மூன்று பத்தி தாண்டிப் படிக்கமாட்டார்.

நகரத்தில் பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடுகிறார்கள். அதனால் பொருளின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை குறிப்பிடுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் (கேழ்வரகு, ராகி, தட்டைப்பயறு, காராமணி) இரண்டையும் எழுதுங்கள். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். எழுதியதைப் படமாக மாற்றிப் போட்டால் தேடலில் அது சிக்குவது கடினம்.

படம் உங்கள் வயலில், உங்கள் செக்கில் எடுத்ததாக இருக்கட்டும். அலைபேசிப் படம் போதும். ஆனால், அளவைக் குறைத்த பிறகு ஏற்றுங்கள். பெரிய படம் இருந்தால் பக்கம் திறக்கத் தாமதமாகும். இணையத்தில் கிடைக்கும் அழகான வயல் படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது இன்னொருவர் உரிமை என்பது ஒரு பக்கம். அதே படத்தை வேறு தளத்தில் பார்த்த வாடிக்கையாளர், அரிசியும் அப்படி எங்கோ வாங்கியதுதானோ என்று சந்தேகப்படுவார் என்பது இன்னொரு பக்கம்.

கடைசியில் மூன்று விவரம் கட்டாயம் இருக்க வேண்டும்: எழுதிய தேதி, அன்றைய விலை, வாங்கும் வழி. எந்தப் பகுதிக்கு அனுப்புகிறீர்கள் என்பதை அஞ்சல் குறியீட்டோடு குறிப்பிடுங்கள். மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017, அடையாறு 600020, பெசன்ட் நகர் 600090. 'சென்னை முழுவதும்' என்று பொதுவாகப் போடுவதைவிட, 'அடையாறு, பெசன்ட் நகர்: வியாழன், மயிலாப்பூர், மந்தைவெளி: வெள்ளி, தி.நகர், மேற்கு மாம்பலம்: சனி' என்று போட்டால் வாங்குபவருக்கும் தெளிவு, உங்களுக்கும் வண்டிச் செலவு மிச்சம்.

நீளம் 250 முதல் 400 சொற்கள் போதும்.

இதோடு கூகுளின் இலவச வணிகப் பக்கத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கடை இல்லாமல் வீடுகளுக்கு அனுப்புபவர்கள், முகவரியைக் காட்டாமல் சேவை செய்யும் பகுதியை மட்டும் குறிப்பிட அதில் வழி இருக்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது?

நடவு, அறுவடை நேரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. எனவே விதை நெல் எடுத்து வைப்பதுபோல் பதிவையும் எடுத்து வைக்க வேண்டும். வேலை குறைந்த மாதத்தில் ஆறு முதல் எட்டுப் பயன்பாட்டுப் பதிவுகளை எழுதித் தேதி குறித்து வைத்துவிட்டால், வேலை மும்முரமாக இருக்கும்போது அவை தானாக வெளியாகும். பெரும்பாலான தள மென்பொருட்களில் இந்த வசதி இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒரு படமும் நான்கு வரி வயல் குறிப்பும் போதும்.

தட்டச்சு சிரமம் என்றால் அலைபேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாக மாறிவிடும். வீட்டில் படித்த பிள்ளைகள் பிழை பார்த்துக் கொடுக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் கட்டுரை வாங்கிப் போடும் பழக்கமும் வந்துவிட்டது. பிழை திருத்த அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், உங்கள் வயலின் தேதியும் அளவும் விலையும் அதற்குத் தெரியாது. அவை இல்லாத கட்டுரை எல்லாத் தளத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்.

வாரம் ஒன்று முடியாவிட்டால் மாதம் இரண்டு எழுதுங்கள். ஆனால், சொன்ன நாளில் வர வேண்டும். ஒரே வாரத்தில் பத்துப் பதிவு போட்டுவிட்டு ஆறு மாதம் காணாமல் போவதைவிட இது நல்லது.

எழுதவே கூடாதவை

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இங்கே தவறினால் வாடிக்கையாளர் போவதோடு அபராதமும் வரும்.

நோய் தீரும் என்று எழுதாதீர்கள். 'கவுனி அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும்', 'இந்த எண்ணெய் புற்றுநோயைத் தடுக்கும்' போன்ற வாசகங்கள் பல தளங்களில் காணப்படுகின்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 53-வது பிரிவு, தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்தாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. தளத்தில் எழுதுவதும் விளம்பரம்தான். சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் எழுத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்த ஆபத்துக்கு ஈடு செய்ய எதுவும் கிடையாது. 'தவிடு நீக்காத சிவப்பு அரிசி, மெதுவாக வேகும், மென்று சாப்பிட வேண்டும்' என்று நீங்கள் அறிந்ததை எழுதுங்கள். 'சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?' என்று கேட்டால் 'எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்' என்பதே சரியான பதில்.

'ஆர்கானிக்' என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். 2017-ஆம் ஆண்டின் இயற்கை உணவு விதிமுறைப்படி, இந்தப் பெயரில் விற்கும் பொருளுக்கு என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்று வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால், அவர்கள் ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக் கூடாது. சான்று பெற விரும்புபவர்கள் கோவையில் உள்ள விதைச் சான்று மற்றும் உயிர்மச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். சான்று இல்லாதவர்கள், செய்ததை அப்படியே எழுதினால் போதும்: 'மூன்று வருடமாக ரசாயன உரம் போடவில்லை. இந்தப் போகத்தில் இரண்டுமுறை மீன் அமிலம், ஒருமுறை வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தோம்.' இது முத்திரையைவிட அதிக விவரம் தருகிறது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். எண்ணெய், மாவு, அவல் என்று பதப்படுத்திப் பொட்டலமிட்டு விற்றால் பதிவோ உரிமமோ அவசியம். விண்ணப்பத்தை ஃபாஸ்காஸ் தளத்தில் நீங்களே செய்யலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைத் தளத்தின் அடிப்பகுதியில் போடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டே வாங்கும் வீடுகள் இப்போது அதிகம்.

அடுத்தவரைப் பழிக்காதீர்கள். 'கடை எண்ணெய் எல்லாம் விஷம்' என்று எழுதுவதால் உங்கள் எண்ணெயின் தரம் கூடாது.

பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

தளத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். டெல்லியில் இருந்து ஆயிரம் பேர் பார்ப்பதைவிட மயிலாப்பூரில் இருந்து இருபது பேர் பார்ப்பது மேல். ஒரு நோட்டில் மூன்று விஷயங்களைக் குறித்து வாருங்கள்.

ஒன்று, புதிதாக அழைப்பவரிடம் 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு, இந்த மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது, மூன்றாவது முறை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். மூன்று, திரும்பத் திரும்பத் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகளைக் குறியுங்கள்; அடுத்த மாதப் பதிவுகள் அதிலேயே இருக்கின்றன. இதோடு, கூகுளின் இலவச 'சர்ச் கன்சோல்' கருவியில் எந்தச் சொற்களைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். நிறைய பேர் தேடி வந்த சொல்லுக்கு உங்களிடம் சரியான பதிவு இல்லையென்றால், அதை முதலில் எழுதுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதங்களில் பெரிய மாற்றம் தெரியாது. ஒரு போகம் முழுவதும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மட்டுமே விற்கப் பொருள் இருப்பவர்கள் தனித் தளத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. பக்கத்து விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமோ ஒரே தளம் வைத்துக்கொண்டால் எழுதும் வேலையும் பிரியும், வருடம் முழுக்கப் பொருளும் இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?
உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் எழுதுங்கள். தென் சென்னையில் தமிழ் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்களும் இருப்பதால், விலைப்பட்டியலும் வாங்கும் முறையும் இரண்டு மொழியிலும் இருந்தால் நல்லது.

விலையைத் தளத்தில் போட்டால் வியாபாரிகள் பார்த்துக் குறைத்து விற்கமாட்டார்களா?
விற்பார்கள். ஆனால், விலை இல்லாத தளத்தைப் பார்த்த வாடிக்கையாளர் அழைத்து விசாரிக்காமலே போய்விடுவார். அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

பழைய பதிவுகளை என்ன செய்வது?
வருடத்துக்கு ஒருமுறை திறந்து விலை, தேதி, படத்தை மட்டும் மாற்றுங்கள். நவராத்திரிப் பதிவை ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுத வேண்டாம். அதே பக்கத்தைப் புதுப்பித்தால் போதும்.

யாராவது தளத்தில் புகார் எழுதினால்?
அழிக்க வேண்டாம். என்ன நடந்தது, என்ன செய்து கொடுத்தீர்கள் என்று அதன் கீழேயே மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அதைப் படிக்கும் மற்றவர்கள் உங்கள் பதிலைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வாரமே தொடங்க

கடந்த மாதம் வாடிக்கையாளர்கள் கேட்ட பத்துக் கேள்விகளை நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். அதில் அதிகம் பேர் கேட்ட ஒன்றுக்கு இருபது வரியில் பதில் எழுதி, வயலில் எடுத்த ஒரு படத்தோடு தளத்தில் ஏற்றுங்கள். நோய் தீரும், சான்று உண்டு என்று உண்மைக்கு மாறாக ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள். மீதி ஒன்பது கேள்விகள் வரும் இரண்டு மாதங்களுக்குப் போதும்.